ஏழு பாடமும் சந்தேகக் கூடையும்

போகாதபோது பயந்தாங்கொள்ளி என்றார்கள். போனபோது திமிர் பிடித்தவள் என்றார்கள். இரண்டையும் சொன்னது ஒரே வாய்தான், மாடிவீட்டுக்காரியின் வாய். அதற்கு ஆமாம் போட்டது படிக்கட்டில் உட்கார்ந்திருந்த மற்ற நாலு வாய். நரம்பில்லாத நாக்கு எப்படியும் புரளும், புரண்டுவிட்டுப் போகட்டும். ஆனால் "பாதி படிச்சிட்டுப் பரீட்சைக்குப் போனாளாம், வெட்கம் கெட்டவ" என்று ஒருத்தி சொல்வதை இன்னொருத்தி அப்படியே விழுங்குவதற்கு முன்னால், அந்தப் பாதி எது, எங்கே உட்கார்ந்து படித்த பாதி என்று தெரிந்துகொண்டாவது விழுங்கட்டும்.

அவள் பாஸா ஃபெயிலா என்று இப்போதே கேட்கிறவர்கள் எழுந்து போய் அவரவர் அடுப்பைப் பார்க்கலாம். சொல்ல வந்தது அது இல்லை. மூன்று வருஷம் தாண்டாத வாசலை அவள் எப்படித் தாண்டினாள் என்பது. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது.

பெரிய ஆஸ்பத்திரியின் அடிவயிற்றில், தரைக்கும் கீழே, துணி வெளுக்கிற தளம். ஜன்னல் கிடையாது. துவைக்கிற இயந்திரம் நாலு, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ஆள் நிமிர்ந்து நிற்கலாம். உலர்த்துகிற இயந்திரம் இரண்டு. ஈரம் போன விரிப்பைச் சூட்டோடு இழுத்து மறுபக்கம் தகடு மாதிரித் தள்ளுகிற நீள உருளை ஒன்று. எட்டு மாடி நோயாளிகள் படுக்கிற துணி, போர்த்துகிற துணி எல்லாம் அழுக்காக அங்கே இறங்கி வெளுப்பாக லிஃப்டில் ஏறும். மேலே படுத்திருக்கிறவர்களுக்கு இப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. மரம் என்றைக்குக் குனிந்து வேரைப் பார்த்தது?

அந்தத் தளத்தில் அவளுக்குப் பதினோரு வருஷம். முதல் மூன்று வருஷம் அழுக்குப் பிரித்தாள். மீதி எட்டு வருஷம் பார்வை மேசை. உருளையிலிருந்து வருகிற விரிப்பை ட்யூப்லைட்டுக்குக் கீழே தூக்கிப் பிடித்து, கறை ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று மூச்சு விடுகிற நேரம். சுத்தமாக இருந்தால் அலமாரிக்கு. இல்லையா, மேசைக்குப் பக்கத்தில் நிற்கிற மஞ்சள் கூடைக்கு. அதற்கு அங்கே சந்தேகக் கூடை என்று பேர். சட்டம் ஒன்றே ஒன்றுதான்: சந்தேகம் வந்தால் கூடை. கூடை நிறைந்தால் மறுபடி துவைப்பு.

எட்டு வருஷத்தில் அவள் கண் பட்டுப் போன விரிப்பு ஒன்றுகூட 'இதில் கறை இருக்கிறது' என்று மேலேயிருந்து திரும்பி வந்ததில்லை. மிளகில் பாதி அளவு மஞ்சள் தெரிந்தாலும் கூடைதான். அதனால்தான் எதிரில் நின்று விரிப்பு மடிக்கிறவள் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பேர் வைத்தாள். பேர் வைத்தவளுக்கும் ஒரு பேர் உண்டு, கத்தரி. வாயைத் திறந்தால் வெட்டுத்தான்.

பூதக்கண்ணாடிக்குக் கறை பேசும். ஒரு விரிப்பை எடுத்தால் "இது பிரசவம், நல்லபடியா முடிஞ்சிருக்கு" என்பாள். இன்னொன்றை எடுத்தால் "இவருக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு, வேர்வையப் பாரு" என்பாள். ஒரு அறையிலிருந்து இரண்டு வாரமாக ஒரே மாதிரிக் கறை வந்து, ஒருநாள் வராமல் நின்றுபோனால், அன்று முழுக்க அந்த அறைத் துணி வருகிற வழியையே பார்ப்பாள். வீட்டுக்குப் போய்விட்டார்களா, வேறெங்கேயாவது போய்விட்டார்களா, யாரைக் கேட்பது?

படிப்பு ஆசை வந்தது ஒரு கோட்டுப் பையிலிருந்து. டாக்டர்களுடைய வெள்ளைக் கோட்டைப் பை துழாவாமல் இயந்திரத்தில் போடக் கூடாது. பேனா, சில்லறை, மிட்டாய்க் காகிதம், ஒரு தடவை பாதி கடித்த பிஸ்கட் என்று என்னென்னவோ வரும். அன்றைக்கு வந்தது நாலாக மடித்த ஒரு தாள். பிரித்தால் இதயத்தின் படம். நாலு அறை, நடுவில் கதவு கதவாகத் திறந்து மூடுகிற வால்வு, எந்தப் பக்கம் உள்ளே வருகிறது, எந்தப் பக்கம் வெளியே போகிறது என்று அம்புக்குறி. ஓரத்தில் யாரோ கையால் எழுதியிருந்தார்கள்: ஒரு நாளைக்கு ஏழாயிரம் லிட்டர்.

அவள் கணக்குப் போட்டாள். ஒரு சலவைக்கு முந்நூறு லிட்டர் தண்ணீர். அப்படியென்றால் இந்த ஒரு பிடிச் சதை, நாளைக்கு இருபது சலவைக்கும் மேலே தள்ளுகிறது. மோட்டார் இல்லை, கரண்ட் இல்லை, ஞாயிற்றுக்கிழமை லீவு இல்லை. ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையை ஓடுகிற இயந்திரத்தின் மேலும் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னடி, சாமி வந்துடுச்சா?" என்றாள் கத்தரி.

"இத்தனை வருஷமா ரத்தத்தைக் கழுவுறேன். அது எங்கேயிருந்து கிளம்புதுன்னு இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

"கிளம்புற இடம் தெரிஞ்சா சீக்கிரம் வெளுக்குமா?"

வெளுக்காது. ஆனால் தெரிந்துவிட்டதே, அதை என்ன செய்வது? அந்த வருஷமே ஆஸ்பத்திரியின் அறிவிப்புப் பலகையைப் பார்த்தாள். அங்கேயே நர்சிங் பள்ளி இருக்கிறது. கீழ்வேலை பார்க்கிறவர்களும் நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம், வருஷத்துக்கு ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை காலை. பள்ளிக்கூடத்தை முடித்தவள்தான் அவள். முடித்த கையோடு கல்யாணம், குழந்தை, வேலை. பன்னிரண்டு பாடமுள்ள ஒரு தடிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு கீழே வந்தாள்.

படிக்க நேரம்? காலையில் முதல் சலவை முடிய நாற்பது நிமிஷம் ஆகும். அதுவரை பார்வை மேசைக்கு வேலை வராது. உலர்த்தும் இயந்திரத்துக்கு முதுகைக் கொடுத்து, துணிமூட்டை மேல் உட்கார்ந்து, ஒரு சலவைக்கு ஒரு பக்கம். தண்ணீர் இறங்கும்போது படிப்பாள், சுழலும்போது சொல்லிப் பார்ப்பாள். எழுத்து என்கிற அந்தக் கறுப்பு எறும்பு வரிசைக்குள்ளிருந்து சிறுநீரகம் எழுந்து வந்து வேலை செய்யும், நுரையீரல் விரிந்து மூடும். எப்படி வருகிறது என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. புத்தகத்தை மூடியதும் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள், யாரோ புதிதாகக் கொடுத்தது மாதிரி.

இவ்வளவு ஆசையாகப் படித்தவள் ஏன் மூன்று வருஷம் போகவில்லை? அங்கேதான் ஊர் வாய் தப்புக் கணக்குப் போடுகிறது. பயம் இல்லை அது. தொழில்.

முதல் வருஷம் நாலு பாடம் முடித்தாள். பரீட்சைக்கு முதல்நாள் முதல் பாடத்தைச் சொல்லிப் பார்த்தாள். கணுக்கால் எலும்புகளில் ஒன்றின் பேர் வரவில்லை. சந்தேகம் வந்தால் கூடை. நாலு பாடத்தையும் திருப்பிப் போட்டு முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டாள். இரண்டாம் வருஷம் ஐந்து பாடம், ஒரு சுரப்பியில் சறுக்கியது, மறுபடி முதலிலிருந்து. மூன்றாம் வருஷம் ஆறாவதில் நின்றது. விரிப்பைத் துவைக்கிற மாதிரியே பாடத்தையும் துவைத்தாள். எலும்புப் பாடம் மட்டும் நாலு சலவை கண்டது. ஏழாவதுக்கு மேலே புத்தகம் அச்சகத்திலிருந்து வந்த மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது.

பஸ் ஓட்டுகிற அவள் புருஷன் தங்கமான மனுஷன். "அடுத்த வருஷம் நல்லா படிச்சிட்டுப் போகலாம்மா" என்று ஒவ்வொரு தடவையும் அவள் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுவார். ஆறுதல்தான். ஆனால் சில ஆறுதல் மெத்தை மாதிரி, எழுந்திருக்க விடாது. மூன்று ஹால் டிக்கெட்டும் பிஸ்கட் டப்பாவுக்குள் மடிப்புக்கூட விழாமல் கிடந்தன.

அந்த மூன்று ஞாயிற்றுக்கிழமையும் அவள் என்ன செய்தாள் தெரியுமா? வீட்டுத் திரைச்சீலை அத்தனையையும் கழற்றித் துவைத்தாள். விடியற்காலை ஆரம்பித்து, பரீட்சை முடிகிற மணி வரைக்கும் அலசுவாள். மாடிவீட்டுக்காரிக்கு அதுதான் காலண்டர். பின்பக்கக் கொடியில் பச்சைத் திரைச்சீலை ஆடினால், "இன்னைக்குப் பரீட்சை போல" என்று ஊருக்கு அறிவித்துவிடுவாள்.

நாலாவது வருஷம் வந்தது. பரீட்சைக்கு மூன்று நாள். கையில் ஏழு பாடம்.

விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை, ஒரு உதறல், நடந்து வந்து கையோடு கை சேர்த்து, பின்வாங்கி, மறுபடி நடந்து வந்து. ஒரு விரிப்புக்கு மூன்று தடவை முகத்துக்கு முகம் பார்த்தாக வேண்டும். தப்பிக்க முடியாது.

"போறியா?" என்றாள் கத்தரி, முதல் மடிப்பில்.

"அஞ்சு பாடம் தொடவே இல்லைடி."

"போறியா இல்லையான்னு கேட்டேன். பாடக் கணக்கா கேட்டேன்?" இரண்டாம் மடிப்பு.

"அரைகுறையா போய் உட்கார்றது அசிங்கம் இல்லையா?"

"எனக்கென்ன, போகலைன்னா எங்க வீட்டுத் திரைச்சீலையையும் குடுத்தனுப்புறேன். சேர்த்துத் துவைச்சிடு." மூன்றாம் மடிப்பு.

அவள் சிரித்தாள். ஆனால் அன்று சாயங்காலம் மஞ்சள் கூடை வழக்கத்தைவிடச் சீக்கிரம் நிறைந்துவிட்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, நடுப்பகல். ஒரு பஸ்ஸும் லாரியும் மோதியதில் முப்பது நாற்பது பேரை ஒரே நேரத்தில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கீழே யாருக்கும் ஒன்றும் தெரியாது. அலமாரி முழுக்க ஒரே மணி நேரத்தில் காலியானபோதுதான் தெரிந்தது. லிஃப்ட் வெறுமையாக இறங்கி, நிறைந்து ஏறி, மறுபடி வெறுமையாக இறங்கியது. நாலு இயந்திரமும் ஓடிக்கொண்டிருந்தன. அடுத்த சலவைக்கு இருபத்தைந்து நிமிஷம் பாக்கி.

வார்டு சிஸ்டர் படியில் ஓடி வந்தார். பதினோரு வருஷத்தில் அந்தத் தளத்தில் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

"விரிப்பு குடுங்கம்மா."

"இயந்திரத்துல இருக்கு சிஸ்டர். இருபத்தஞ்சு நிமிஷம்."

சிஸ்டர் கண் மஞ்சள் கூடைக்குப் போனது. பூதக்கண்ணாடி சட்டென்று கூடையின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள், யாரோ அவள் பிள்ளையைத் தூக்க வந்தது மாதிரி.

"இது சரியில்லை சிஸ்டர். கறை இருக்கு."

"கொதிக்கிற தண்ணியில துவைச்சதா?"

"துவைச்சதுதான்."

"காஞ்சிருக்கா?"

"காஞ்சிருக்கு."

"அப்புறம் என்னம்மா பார்க்கிற? மேல தரையில படுத்திருக்காங்க."

கை விலகியது. தானாக விலகியதா, சிஸ்டர் விலக்கினாரா என்று பிற்பாடு அவளுக்கே நினைவில்லை. கூடையில் இருந்தவை முப்பத்தெட்டு. பாதியை சிஸ்டர் மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார், மீதியை அவள்.

பின்வாசல் வழியாக வந்து கீழேயே வேலை பார்த்துப் பின்வாசல் வழியாகவே போகிறவள், அன்றைக்குத்தான் தன் துணி எங்கே போகிறது என்று பார்த்தாள். எத்தனை கட்டில். கட்டிலுக்கு நடுவில் தரையில் எத்தனை பேர். அவள் படத்தில் அம்புக்குறி போட்டுப் படித்த அத்தனையும் அங்கே பெருமூச்சு விட்டுக்கொண்டு, முனகிக்கொண்டு, தண்ணீர் கேட்டுக்கொண்டு கிடந்தது. கோயில் வாசலில் நிற்கிறவள் மாதிரி நின்றாள்.

"விரிங்க" என்று யாரோ சொன்னார்கள். ஒரு கட்டில் காலி. பக்கத்தில் தரையில் ஒரு மனுஷன், தோளில் கட்டு, லாரி ஓட்டினவர். அவள் விரிப்பை உதறிப் போட்டாள். போட்டதும் கறை கண்ணில் பட்டது, நாலணா அளவு, டீ நிறம், தலைமாட்டுப் பக்கம். கை சும்மா இருக்குமா? விரிப்பை எடுத்துத் திருப்பிப் போட்டாள். இப்போது கால்மாட்டில் தெரிந்தது. ஓரத்தை மடித்து உள்ளே செருகினாள், விரிப்பு ஒரு பக்கம் குட்டையாகப் போயிற்று. மறுபடி இழுத்தாள்.

தரையிலிருந்து அந்த மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா," என்றார், "விரிப்பு எனக்கா, போட்டோ எடுக்கிறதுக்கா?"

அவள் விட்டுவிட்டாள். கறை தெரியத் தெரிய, முதலில் போட்ட மாதிரியே விரித்தாள். அவரைத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். முதுகு துணியில் பட்டதும் அவர் விட்ட மூச்சு இருக்கிறதே, எட்டு வருஷமாக அலமாரியில் அடுக்கின எந்த விரிப்பும் அவளுக்கு அந்தச் சத்தத்தைக் காட்டியதில்லை. கறை அவர் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. அவர் அதன் மேலேயே கன்னத்தை வைத்துக் கண்ணை மூடினார்.

முப்பத்தெட்டையும் விரித்துவிட்டுத்தான் கீழே இறங்கினாள். கத்தரி ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். கத்தரி வாயை மூடிக்கொண்டு இருந்த நாள் அந்தத் தளத்தின் வரலாற்றிலேயே அது ஒன்றுதான்.

சனிக்கிழமை அந்த விரிப்புகள் இறங்கி வந்தன. அழுக்குப் பிரிக்கிற இடத்துக்கு அவளே போய் நின்றாள். லாரிக்காரர் படுத்த விரிப்பைத் தேடினாள், கிடைத்தது. தோளிலிருந்து கசிந்தது நடுவில் ஒரு கை அகலம் இருந்தது. தலைமாட்டில் அந்த நாலணாக் கறை பழையபடியே இருந்தது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. துணியோடு வந்த பையனைக் கேட்டாள்.

"இதில படுத்திருந்தவரா? காலையில எழுந்து உட்கார்ந்து டீ நல்லா இல்லைன்னு சண்டை போட்டாரு அக்கா."

அவள் விரிப்பைப் பச்சைத் தண்ணீரில் போட்டாள். ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்தான், சுடுதண்ணீர் பட்டால் கறை உறைந்துபோகும், அது அவள் கைக்குத் தெரியும். தண்ணீரில் அது மெல்லச் சிவந்து பிரிவதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கையைத் துடைத்துவிட்டுப் போய்ப் பையிலிருந்து ஹால் டிக்கெட்டை எடுத்துப் பார்த்து, நாலாக மடித்து இடுப்பில் செருகினாள். மற்ற மூன்றும் மடிப்பு அறியாதவை. இது மடிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் புருஷன் வழக்கம்போல ஆரம்பித்தார். "என்னம்மா, அடுத்த வருஷம்..."

"நாளைக்கு எத்தனை மணிக்கு முதல் பஸ்?"

அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "ஏழு பாடம்தானே ஆச்சு?"

"ஏழுதான்."

"மீதி அஞ்சுலேருந்து கேட்டா?"

"முழிப்பேன்."

"முழிச்சா?"

"முழிச்சதால யாரும் செத்ததில்லைங்க."

அவர் பதினாறு வருஷம் கூடவே இருந்தவளைப் பஸ்ஸில் புதிதாக யாரோ ஏறின மாதிரிப் பார்த்தார். பிறகு, "ஆறு அம்பதுக்கு. ஜன்னல் சீட்டு பிடிச்சு வைக்கச் சொல்றேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. எழுந்ததும் அவள் கண் திரைச்சீலைக்குத்தான் போயிற்று. ஒரு வருஷத்து அழுக்கு, ஓரத்தில் மகள் கை துடைத்த தடம் வேறு. கழற்றுவதற்குக் கைகூட உயர்ந்தது. உயர்ந்த கை தலையைக் கோதிக்கொண்டு இறங்கியது. எட்டாவது பாடத்தைத் திறந்து தலைப்பை மட்டும் படித்தாள். மருந்தளவுக் கணக்கு. "உன்னை அங்கே பார்க்கிறேன்" என்று சொல்வது மாதிரித் தலையாட்டிவிட்டு மூடினாள். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். மகளின் நெஞ்சின் மேல் ஒரு நிமிஷம் கையை வைத்தாள். உள்ளே அந்த நாலு அறை வீடு, யாரையும் கேட்காமல், எந்தப் பரீட்சைக்கும் படிக்காமல், திறந்து மூடி, திறந்து மூடி.

படிக்கட்டில் மாடிவீட்டுக்காரி, வாளியோடு.

"என்ன, காலையிலேயே கிளம்பிட்ட? பரீட்சையா?"

"ஆமாக்கா."

"முழுசா படிச்சு முடிச்சிட்டியா?"

"இல்லைக்கா. ஏழு பாடம்."

"பன்னிரண்டுல ஏழா? அப்புறம் எந்த தைரியத்துலடி போற?"

அவள் நின்று யோசித்தாள். வாயாட நிற்கவில்லை, கேட்ட கேள்விக்கு நிஜமான பதில் என்ன என்றுதான் தேடினாள்.

"பஸ் வந்துடும்க்கா" என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டினாள்.

மாடிவீட்டுக்காரி வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தாள். கொடியில் ஒன்றும் இல்லை. கொடிக்கு மேலே, அவள் வீட்டு ஜன்னலில், அழுக்குப் பச்சைத் திரைச்சீலை காற்றுக்கு வெளியே வந்து ஆடிக்கொண்டிருந்தது.